சுழித் திருத்தம்

எங்கள் அரசுப் பள்ளி ஆய்வகத்தில் எட்டுத் திருகு அளவிகள் இருக்கின்றன. பன்னிரண்டாம் வகுப்பில் மீட்டர் சமனச் சுற்றுச் சோதனை வரும்போது அவற்றை வெளியே எடுப்பேன். கம்பியின் மின்தடை எண்ணைக் கண்டுபிடிக்க அதன் தடிமன் தெரிந்தாக வேண்டும். கம்பியைத் தாடைகளுக்கு நடுவே வைத்துத் திருகினால் 'டக் டக்' என்று ஒரு சத்தம் வரும். அந்த இடத்தில் நிறுத்திப் புரிக்கோலையும் தலைக்கோலையும் பார்த்து அளவைக் குறிக்க வேண்டும். பார்ப்பதற்குச் சின்ன வேலைதான். ஆனால் ஒவ்வோர் ஆண்டும் இதில்தான் சண்டை வரும்.

"சார், எனக்கு 0.46 வருது. இவளுக்கு 0.41. ஒரே கம்பிதான் சார்."

"ரெண்டு பேரும் சரியாத்தான் பாத்திருக்கீங்கம்மா."

"அதெப்படி சார்?"

"கம்பியை எடுத்துட்டு, வெறும் அளவியை மூடிப் பாருங்க."

மூடிப் பார்க்கிறார்கள். தாடைகளுக்கு நடுவே ஒன்றுமே இல்லாதபோது அளவி சுழியைக் காட்ட வேண்டும். ஒருத்தியின் அளவி 0.03 காட்டுகிறது. இன்னொருத்தியுடையதில் சுழிக்கோடு இரண்டு பிரிவு மறுபக்கம் தள்ளி நிற்கிறது. வருடக்கணக்காகப் பலர் கைபட்டுத் தேய்ந்த கருவிகள் அப்படித்தான் இருக்கும். சில கூட்டிக் காட்டும், சில குறைத்துக் காட்டும். முதலாமவள் மூன்றைக் கழிக்கிறாள், அடுத்தவள் இரண்டைக் கூட்டுகிறாள். இரண்டு நோட்டிலும் 0.43 மில்லிமீட்டர். ஒரே கம்பி, ஒரே தடிமன்.

பாடநூல் இதற்குச் சுழித் திருத்தம் என்று பெயர் வைத்திருக்கிறது. 27 ஆண்டுகளாக இதைச் சொல்லிக்கொடுக்கிறேன். கூட்டிக்கொண்டவளைப் பார்த்து, "உனக்கு மட்டும் சலுகையா?" என்று இதுவரை எந்தப் பிள்ளையும் கேட்டதில்லை. திருத்தாமல் எழுதிய எண்தான் பொய் என்பது அங்கே எல்லாருக்கும் புரிகிறது. ஆய்வகக் கதவைத் தாண்டி வெளியே வந்ததும் ஏன் புரியாமல் போகிறது என்பதுதான் என்னை வெகு காலமாக அரித்துக்கொண்டிருக்கும் கேள்வி.

மே, ஜூன் மாதங்கள் பொறியியல் கலந்தாய்வுக்கு விண்ணப்பிக்கும் காலம். அண்ணா பல்கலைக்கழகத்தில் 1997இல் தொடங்கிய ஒற்றைச்சாளர முறை இப்போது முழுக்க இணையத்துக்கு வந்துவிட்டது. எங்கள் பிள்ளைகளில் பலருக்குச் சான்றிதழ்களைப் பதிவேற்றுவது முதல் கல்லூரிகளை வரிசைப்படுத்துவது வரை பள்ளியில் வைத்துத்தான் நடக்கும். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, மழை பெய்யாத நாளிலும் மார்போடு அணைத்துக்கொண்டு வருவார்கள்.

விண்ணப்பங்கள் முடிந்த பிறகு ஒரு நாள் ஒவ்வொருவருக்கும் பத்து இலக்க எண் ஒன்று வரும். கணினி கண்ணை மூடிக்கொண்டு எடுத்துத் தரும் எண். இரண்டு பேரின் கட்-ஆஃப் ஒன்றாக இருந்தால் முதலில் கணித மதிப்பெண்ணைப் பார்ப்பார்கள். பிறகு இயற்பியல். இப்படியே இறங்கிவந்து எல்லாம் ஒன்றாக இருந்தால் பிறந்த தேதி. அதில் மூத்தவர் முன்னால் போவார். அதுவும் ஒன்றாக இருந்தால் இந்த எண். யாருடையது பெரிதோ அவருக்கு முதலிடம். ஆங்கிலத்தில் ரேண்டம் எண் என்பதைத் தமிழ்ப் பத்திரிகைகள் சமவாய்ப்பு எண் என்று எழுதுகின்றன.

போன ஆண்டு ஒரு மாணவியோடு உட்கார்ந்து அவளுடைய எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "பெருசா இருக்கா சார்?" என்று கேட்டாள். பெரியதுதான் என்றேன். சிரித்தாள். அப்போதுதான் சமவாய்ப்பு என்ற அந்தச் சொல் எனக்கு உறைத்தது. மழலையர் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை, தேர்வறையிலிருந்து தரவரிசை வரை நீளும் இந்தப் பாதை முழுவதிலும் சமவாய்ப்பு என்ற பெயரை ஒரே ஓர் இடத்துக்குத்தான் கொடுத்திருக்கிறோம். அதுவும் கடைசி இடத்தில், குலுக்கல் சீட்டுக்கு.

அவள் பென்னாகரம் பக்கத்துப் பெண். அப்பா பெங்களூரில் கட்டட வேலை. பொங்கலுக்கும் ஊர்த் திருவிழாவுக்கும் வருவார். அம்மாவுக்கு நூறு நாள் வேலை, அது இல்லாத நாளில் அடுத்தவர் காட்டில் களையெடுப்பு. பன்னிரண்டாம் வகுப்புக்கு ஜூனில் பள்ளி திறந்தபோது எங்கள் பள்ளியில் கணித ஆசிரியர் இடம் காலி. நவம்பரில்தான் ஆள் வந்தார். இடைப்பட்ட ஐந்து மாதமும் இயற்பியல் வகுப்பில் பாதியை நான் கணிதத்துக்குக் கொடுத்தேன். எனக்குத் தெரிந்த அளவுக்குத் தொகை நுண்கணிதம் நடத்தினேன். அந்தப் பெண் 100க்கு 88 வாங்கினாள்.

அவள் வயதுதான் இன்னொரு பிள்ளைக்கும். ஆண்டுக்கு லட்சக்கணக்கில் கட்டும் உறைவிடப் பள்ளி. பொழுது விடிவதற்கு முன்னால் படிப்பு, இரவு பத்து மணிக்கும் படிப்பு, வாரத்துக்கு மூன்று தேர்வு. நாமக்கல் சுற்றுவட்டாரத்தில் இப்படிப்பட்ட பள்ளிகள் பெருகிய காலத்தில், பதினொன்றாம் வகுப்புப் பாடத்தைத் தொடாமலேயே இரண்டு ஆண்டும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தை மட்டும் உருப்போட வைத்தார்கள். அரசு 2017இல் மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று பெயர் அறிவிப்பதை நிறுத்தியதற்குப் பின்னால் மதிப்பெண் போட்டியும், அடுத்த ஆண்டே பதினொன்றாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு கொண்டுவந்ததற்குப் பின்னால் அந்தப் பழக்கமும் இருந்தன. அந்தப் பிள்ளைகளை நான் குறை சொல்லவில்லை. பதினேழு வயதில் அப்படித் தூக்கத்தைத் துறந்து படிப்பது பெரிய உழைப்பு. அந்தப் பிள்ளை 95 வாங்கினால் அதில் அவனுடைய வியர்வையும் இருக்கிறது, பள்ளியின் கட்டணமும் இருக்கிறது. என் மாணவியின் 88இல் அவளுடைய வியர்வை மட்டும்தான் இருக்கிறது. இந்த இரண்டு எண்களையும் அப்படியே பக்கத்தில் பக்கத்தில் வைத்து 95தான் பெரிது என்று சொல்வது, அளவியை மூடிப் பார்க்காமல் கம்பியை அளப்பது.

ஆய்வகத்தில் இன்னொன்றும் சொல்லிக்கொடுப்பேன். ஒவ்வொரு கருவிக்கும் ஒரு மீச்சிற்றளவு உண்டு. திருகு அளவிக்கு அது 0.01 மில்லிமீட்டர். அதற்குக் கீழே உள்ள வித்தியாசத்தை அந்தக் கருவியால் காண முடியாது. கண்டதாகச் சொன்னால் அது நம் கற்பனை. தேர்வுக்கு மீச்சிற்றளவு என்ன? கட்-ஆஃப் 200க்கு. கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. மாநிலப் பாடத்திட்டத்தில் அது அரை மதிப்பெண் படிகளில் நகரும். மொத்தமே 400 படிகள். விண்ணப்பிப்பவர்கள் ஆண்டுக்கு இரண்டு லட்சத்துக்கும் மேல். ஒரே படியில் நூற்றுக்கணக்கானவர்கள் நெருக்கியடித்து நிற்பார்கள். அரை மதிப்பெண் இறங்கினால் அத்தனை பேருக்கும் பின்னால் போக வேண்டும். அந்த அரை மதிப்பெண் எவ்வளவு என்று இயற்பியல் ஆசிரியனாக எனக்குத் தெரியும். வினாத்தாளில் ஒரு மார்க் கேள்வி ஒன்று. நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் கை ஒரு முறை தடுமாறினால் போதும். முதல் நாள் இரவு காய்ச்சலாக இருந்தால் போதும். அந்த ஒரு கேள்விக்கு மேலே நின்றவனைத் தகுதியுள்ளவன் என்றும் கீழே நின்றவளைத் தகுதி குறைந்தவள் என்றும் எந்தக் கருவி அளந்து சொன்னது?

மருத்துவத்துக்கு வருவோம். மனக்காயம் அங்கேதான் அதிகம். நீட் தேர்வில் 180 கேள்வி, 720 மதிப்பெண். 2024இல் முதலில் 67 பேர் முழு மதிப்பெண் பெற்றதாக அறிவித்தார்கள். கருணை மதிப்பெண் விவகாரமும் ஒரு கேள்விக்கான விடை குறித்த வழக்கும் உச்ச நீதிமன்றம் வரை போய்த் திரும்பிய பிறகு அந்தப் பட்டியலில் மிஞ்சியவர்கள் 17 பேர். ஐம்பது பேரின் 'முழுத் தகுதி' சில வாரங்களில் கரைந்துபோனது. பிள்ளைகள் மாறவில்லை, கருவிதான் ஆடியது. நீட்டின் விளைவை ஆராய்ந்த நீதிபதி ஏ.கே. ராஜன் குழு 2021இல் கொடுத்த அறிக்கை தமிழ்நாட்டைப் பற்றி இன்னொன்றைக் காட்டியது. நீட் வருவதற்கு முந்தைய ஆண்டில், பள்ளி முடித்த கையோடு மருத்துவம் சேர்ந்தவர்களே மிகப் பெரும்பான்மை. 2020-21இல் சேர்ந்தவர்களில் பத்துக்கு ஏழு பேர் மறுமுறை எழுதியவர்கள். ஒரு வருடம் வேலைக்குப் போகாமல் வீட்டில் உட்கார்ந்து, பயிற்சி மையத்துக்குப் பணம் கட்டிப் படிக்க எந்த வீட்டால் முடியும்? தகுதி என்ற பெயரில் நாம் அளந்தது அந்த வீட்டின் பொறுமையையும் கையிருப்பையும்.

அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு தரும் சட்டம் 2020இல் வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு அரசுப் பள்ளியிலிருந்து மருத்துவம் போனவர்கள் ஒற்றை இலக்கத்தில்தான் இருந்தார்கள். சட்டம் வந்த ஆண்டே மருத்துவம், பல் மருத்துவம் இரண்டிலும் சேர்த்து 400 பேருக்கு மேல் போனார்கள். இந்த 400 பேரும் அதே நீட் தேர்வை எழுதித் தேறியவர்கள். ஓராண்டில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் மூளை வளர்ந்துவிடவில்லை. கருவியின் சுழி எங்கே தள்ளி நிற்கிறது என்று முதன்முறையாக ஒருவர் மூடிப் பார்த்தார், அவ்வளவுதான்.

திருத்தம் செய்யும் பழக்கம் இந்த மண்ணுக்குப் புதிதல்ல. நீதிக்கட்சிக் காலத்து வகுப்புவாரி ஆணை 1921இல் பிறந்து, 1928 வாக்கில் முத்தையா முதலியார் அமைச்சராக இருந்தபோது நடைமுறைக்கு வந்தது. கல்லூரி இடங்களுக்கும் நீண்ட அந்த முறை 1951இல் செண்பகம் துரைராஜன் வழக்கில் உச்ச நீதிமன்றத்தில் வீழ்ந்தது. அந்த ஆண்டே, ஒதுக்கீட்டுக்கு மீண்டும் வழிவிட்டு, அரசமைப்புச் சட்டத்தின் முதல் திருத்தம் வந்தது. இந்த வரலாறு நம் வாசகர்களுக்குப் பழக்கமானது, நீட்டி எழுதத் தேவையில்லை.

பலர் கவனிக்காத ஒன்றைச் சொல்கிறேன். தமிழ்நாட்டில் நுழைவுத்தேர்வை ஒழித்த 2006ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு பிரிவு உண்டு. மாநிலப் பாடத்திட்டத்தில் படித்தவர், மத்தியப் பாடத்திட்டத்தில் படித்தவர் என்று வெவ்வேறு வாரியத்திலிருந்து வருகிறவர்களின் மதிப்பெண்ணை அப்படியே ஒப்பிடக் கூடாது. ஒவ்வொரு வாரியத்திலும் ஒரு பாடத்தில் எடுத்த உச்ச மதிப்பெண்ணைச் சமமாக்கி, மற்றவற்றை அந்த விகிதத்தில் உயர்த்திக்கொள்ள வேண்டும். மத்தியப் பாடத்திட்டத்தில் படித்த பிள்ளைக்கு இதனால் மதிப்பெண் கூடுவதுண்டு. வினாத்தாள் கடினம், திருத்தும் முறை வேறு, ஆகவே கூட்டுவதுதான் நியாயம் என்று எல்லாரும் ஏற்றுக்கொள்கிறோம். நானும் ஏற்கிறேன். தகுதிக்கு இழுக்கு என்று ஒருவரும் தெருவில் இறங்கவில்லை. ஆக, சுழித் திருத்தம் என்ற கொள்கையில் நமக்குள் சண்டையே இல்லை. வாரியத்துக்கு வாரியம் உள்ள வேறுபாட்டைத் திருத்தலாம் என்கிறவர்கள், வீட்டுக்கு வீடு, தெருவுக்குத் தெரு, தலைமுறைக்குத் தலைமுறை உள்ள வேறுபாட்டைத் திருத்தும்போது மட்டும் முகம் சுளிக்கிறார்கள். வினாத்தாள் கடினம் என்றால் கண்ணுக்குத் தெரிகிறது. வாழ்க்கை கடினம் என்றால் தெரிவதில்லை.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். நான் கல்லூரி சேர்ந்தது 1992இல். எங்கள் குடும்பத்தில் பட்டப்படிப்பு வாசலை மிதித்த முதல் ஆள். மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் கிடைத்த இடம். பொதுப் பட்டியலில் என் மதிப்பெண்ணுக்கு இயற்பியல் கிடைத்திருக்காது. முதல் பருவத்தில் ஒரு கணக்கு வரவில்லை என்று எழுந்து நின்றபோது ஒரு விரிவுரையாளர், "கோட்டாவுல வந்தா இப்படித்தான்" என்றார். வகுப்பு சிரித்தது. அவர் கெட்டவரல்ல, பின்னாளில் எனக்குப் புத்தகம் கொடுத்து உதவியவர். ஆனால் அந்த ஒரு வரி பத்து வருடம் என் முதுகிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. எதைச் செய்தாலும், அந்த இடத்துக்கு நான் தகுதியானவன்தானா என்று உள்ளே ஒரு குரல். பொதுப் பட்டியலில் வந்திருக்க வேண்டிய யாரோ ஒருவனின் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேனோ என்ற கூச்சம்.

அந்தக் கூச்சத்திலிருந்து என்னை வெளியே இழுத்தது திருகு அளவிதான். ஆய்வகத்தில் முதன்முறை மாணவர்களுக்கு இந்தச் சண்டையைத் தீர்த்துவைத்த அன்று இரவு எனக்கே உறைத்தது. என் மதிப்பெண்ணில் மண்ணெண்ணெய் விளக்கு இருந்தது. ஏழு கிலோமீட்டர் நடை இருந்தது. கரும்பு வெட்டுக் காலத்தில் பள்ளிக்குப் போகாத நாட்கள் இருந்தன. ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் படித்துக் காட்ட வீட்டில் ஆள் இல்லாதது இருந்தது. இவையெல்லாம் என் அளவியைக் குறைத்துக் காட்டவைத்த சுழிப்பிழை. ஒதுக்கீடு எனக்கு இல்லாத எதையும் கொடுக்கவில்லை. இருந்து மறைக்கப்பட்டதைக் கூட்டி எழுதியது.

"சரி, ஆனால் அறுவை மேசையில் படுக்கிறவன் நீயாக இருந்தால்?" இந்தக் கேள்வியைக் கேட்காத கூட்டத்தை நான் பார்த்ததில்லை. நேர்மையான பதில் வேண்டும் அதற்கு. மருத்துவக் கல்லூரிக்குள் நுழைவதற்குத்தான் வெவ்வேறு கட்-ஆஃப். நான்கரை ஆண்டு படித்து வெளியே வரும்போது எல்லாருக்கும் ஒரே தேர்வு, ஒரே தேர்ச்சி மதிப்பெண். அதன் பிறகு ஓராண்டு ஹவுஸ் சர்ஜன். நுழையும்போது இருந்த இடைவெளி மேசைக்குப் போகும்வரை அப்படியே இருக்கும் என்று நினைப்பது, கல்லூரி ஒன்றையும் கற்றுக்கொடுப்பதில்லை என்று சொல்வதற்குச் சமம். இன்னொன்று. 2023 செப்டம்பரில், மருத்துவ மேற்படிப்பில் காலியாகக் கிடந்த இடங்களை நிரப்புவதற்காக நீட் தகுதி அளவைப் பூஜ்ஜிய சதமானத்துக்கு இறக்கினார்கள். தேர்வு எழுதியவர் எவரும் கலந்தாய்வுக்குத் தகுதி என்று ஆனது. கடும் கட்டணம் கட்டினால் கிடைக்கும் இடங்களும் அதில் அடக்கம். ஏழை வீட்டுப் பிள்ளைக்கு ஐந்து மதிப்பெண் குறைந்தால் நோயாளியின் உயிருக்கு ஆபத்து என்கிற நாடு, பணம் இருக்கும் இடத்தில் அந்த ஆபத்தை நினைத்துப் பார்க்கவில்லை. எனக்கு இதில் ஆத்திரம்தான் வருகிறது, மறைக்கவில்லை.

எல்லாத் திருத்தமும் நியாயமாகிவிடுமா? ஆகாது. தமிழர்களான நமக்கு அது நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். இலங்கையில் 1971இல், தேர்வெல்லாம் எழுதி முடித்த பிறகு, மருத்துவப் படிப்பில் நுழையச் சிங்கள மொழியில் எழுதியவருக்கு 400க்கு 229 போதும், தமிழில் எழுதியவருக்கு 250 வேண்டும் என்று வைத்தார்கள். தரப்படுத்தல் என்று அதற்குப் பெயர். யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று விளக்கத் தேவையில்லை. ஒரு தலைமுறை இளைஞர்கள் படிப்பின் மேல் வைத்திருந்த நம்பிக்கை அங்கே முறிந்தது. அதன் விலையை அந்தத் தீவு முழுவதும் கொடுத்தது.

அங்கேயும் திருத்தம்தானே செய்தார்கள், இங்கே நீ புகழ்கிறாயே என்று கேட்கலாம். நான் பலமுறை என்னையே கேட்டுக்கொண்ட கேள்வி இது. அங்கே யாரும் அளவியை மூடிப் பார்க்கவில்லை. கம்பி யாருடையது என்று பார்த்தார்கள். கொழும்பின் வசதியான பள்ளியில் சிங்களத்தில் எழுதியவருக்கும் கூடுதல். முல்லைத்தீவில் கூரையில்லாத வகுப்பில் தமிழில் எழுதியவருக்கும் குறைப்பு. சில ஆண்டுகளில் அதே நாடு மாவட்ட அடிப்படைக்கு வந்தது. அதிலும் யாழ்ப்பாணத்துக்கு இழப்புத்தான். ஆனால் மன்னார், வவுனியா, முல்லைத்தீவு போன்ற இடங்களிலிருந்து முன்பு வராத தமிழ்ப் பிள்ளைகளும் அதன் வழியே வந்தார்கள். இன்றும் அங்கே 40 விழுக்காடு நாடு தழுவிய தரவரிசைக்கு, 55 மாவட்டங்களுக்கு, 5 பின்தங்கிய மாவட்டங்களுக்கு. ஒரே பல்கலைக்கழகக் கதவு. ஒரு திருத்தம் காயமாகவும் இன்னொன்று, குறைகளோடு, கைகொடுப்பதாகவும் ஆனது. பிழையைப் பார்த்துத் திருத்துவதற்கும், பிடிக்காதவனைப் பார்த்துத் திருத்துவதற்கும் நடுவில் உள்ள கோடு அதுதான்.

பிழை ஓரிடத்தில் நிற்பதும் இல்லை. கருவி தேயத் தேய மாறும். ஒவ்வொரு சோதனைக்கும் புதிதாக மூடிப் பார்க்க வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்வேன், போன வருட நோட்டைப் பார்த்து எழுதாதே என்று. பட்டியல் சாதியினருக்கான 18 விழுக்காட்டில் அருந்ததியர் பின்னுக்குத் தள்ளப்படுவதைக் கண்டு 2009இல் தமிழ்நாடு 3 விழுக்காட்டைத் தனியே பிரித்தது அப்படிப்பட்ட புதிய பார்வைதான். இப்படி உள் ஒதுக்கீடு செய்யலாம் என்று 2024இல் உச்ச நீதிமன்றமும் சொன்னது. ஒதுக்கீட்டால் இரண்டு தலைமுறை முன்னேறிய என் போன்ற வீடுகளும் ஒரு நாள் தங்கள் அளவியை மூடிப் பார்க்க வேண்டியிருக்கும். என் மகள் நான் நடந்த ஏழு கிலோமீட்டரை நடக்கவில்லை. அதை நான் மறந்தால், முன்பு என்னைப் பார்த்துச் சிரித்தவர்களின் வரிசையில் போய் நிற்பேன்.

என் வகுப்பில் சில வருடங்களுக்கு முன்னால் ஒரு சிறிய கோயில் குருக்களின் மகன் படித்தான். தட்டில் விழும் காசுதான் வருமானம். விடியற்காலையில் அப்பாவுக்கு உதவியாகக் கோயில் வேலை, பிறகு பள்ளி. நல்ல படிப்பாளி. அவன் விரும்பிய கல்லூரியில் விரும்பிய பாடம் பொதுப் பட்டியலில் முடிந்துபோனது. அவனைவிடக் குறைந்த கட்-ஆஃப் வாங்கிய, அவன் பெஞ்சிலேயே உட்கார்ந்த நண்பனுக்குக் கிடைத்தது. "பரவால்ல சார், அவனும் கஷ்டப்பட்டவன்தான்" என்றான் என்னிடம். சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டான். அவன் வலி பொய்யல்ல. நூற்றாண்டுக் கணக்கு அவன் குலத்துக்கு எதிராக இருக்கலாம், ஆனால் விடியற்காலைக் கிணற்றுத் தண்ணீர் அவனுக்கும் குளிர்ந்தது. அவனுக்கு நான் என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும்? நல்ல அரசுக் கல்லூரி இடங்கள் இவ்வளவு குறைவாக இருக்கும்வரை, எப்படி வரிசைப்படுத்தினாலும் ஒரு நல்ல பிள்ளை வெளியே நிற்கும் என்பது உண்மை. அதை அன்று அவனிடம் சொல்லத் தோன்றவில்லை. தோளில் கை வைத்தேன், அவ்வளவுதான் முடிந்தது. இன்றும் என் கணக்கில் தீராமல் கிடக்கும் மீதி அது.

தகுதி என்ற சொல்லையே நான் வேறு மாதிரிப் படிக்கத் தொடங்கியது திருக்குறளில். நடுவு நிலைமை அதிகாரத்தின் முதல் குறள் தகுதி என்ற சொல்லில்தான் தொடங்குகிறது. பள்ளியில் எத்தனையோ முறை ஒப்பித்தும் நான் நின்று பார்க்காத இடம். அங்கே அந்தச் சொல்லுக்குப் பரிமேலழகர் எழுதும் பொருள் நடுவு நிலைமை என்பதே. பகைவர், அயலார், நண்பர் என்று எந்தப் பகுதியாக இருந்தாலும் முறை தவறாமல் நடப்பதற்குத் தகுதி என்று பெயர். அதாவது தகுதி என்பது அளக்கப்படுகிறவனிடம் தேடவேண்டிய ஒன்றாக அங்கே இல்லை. அளக்கிறவனிடம் இருக்க வேண்டியது. தகுதியா, நியாயமா என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து எழுபது ஆண்டுகளாக நாம் வழக்காடுகிறோம். இரண்டும் ஒரே சொல்லாக இருந்த மொழியில் உட்கார்ந்துகொண்டு வழக்காடுகிறோம்.

அதே அதிகாரத்தின் நான்காவது குறளுக்கு வந்தபோது புத்தகத்தை மூடிவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். ஒருவர் தக்கவரா இல்லையா என்பது அவர் விட்டுச்செல்லும் எச்சத்தைக் கொண்டு தெரியும் என்கிறார் வள்ளுவர். எச்சம் என்றால் மக்கட்பேறு என்று பரிமேலழகர் கொள்வார். பின்னே எஞ்சி நிற்கும் புகழும் பழியும் என்று கொள்வாரும் உண்டு. எப்படிக் கொண்டாலும் காலம் ஒன்றுதான். தகுதி வாசலில் தெரிவதில்லை, பின்னால் தெரிகிறது. மதிப்பெண் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நிற்கும் பதினேழு வயதுப் பிள்ளையிடம் தகுதி இருக்கிறதா என்று யாராலும் சொல்ல முடியாது. இன்னும் அது நடக்கவில்லை. ஓர் இடத்தை அந்தப் பிள்ளையிடம் ஒப்படைக்கிறோம். ஊரார் வரிப்பணத்தில் கட்டிய இடம். அதை வைத்து அவள் யாருக்கு என்ன செய்தாள் என்பதில்தான் தகுதி ஒவ்வொரு நாளாகச் சேர்கிறது. இடம் பரிசல்ல. கடந்துவந்த பாதைக்குக் கொடுக்கும் கூலியும் அல்ல. நம்பிக் கொடுக்கும் பொறுப்பு.

நம்பிக் கொடுத்ததற்கு என்ன ஆயிற்று என்பதற்கு இந்த மாநிலமே பதில் வைத்திருக்கிறது. பல பத்தாண்டுகளாக 69 விழுக்காடு ஒதுக்கீடு உள்ள மருத்துவக் கல்லூரிகளில் படித்தவர்கள் இங்கே ஆரம்ப சுகாதார நிலையங்களை நிரப்பினார்கள். கிராமத்தில் வேலை பார்த்த அரசு மருத்துவர்களுக்கு மேற்படிப்பில் இடம் ஒதுக்கும் உரிமையை 2020இல் வழக்காடித்தான் மீட்க வேண்டியிருந்தது. பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் ஒரு வயதுக்குள் இறப்பவர்கள், 2020 கணக்குப்படி, இந்தியா முழுவதிலும் 28. தமிழ்நாட்டில் 13. இதற்குச் சத்துணவு, சாலை, செவிலியர்கள் என்று பல காரணம் உண்டு, மருத்துவர்களை மட்டும் சொல்லவில்லை. ஆனால் தகுதி கெட்டால் நோயாளி சாவான் என்று எச்சரித்தவர்கள் காட்டிய நோயாளியை நான் அந்த எண்ணில் தேடிப் பார்க்கிறேன். பிழைத்த குழந்தைகள்தான் தெரிகின்றன.

அந்த விரிவுரையாளரின் வரியைக் கேட்டுச் சிரித்த வகுப்பில் நான் தகுதியானவனாக இருந்தேனா? தெரியாது. அன்று யாருக்கும் தெரிந்திருக்க முடியாது. 27 ஆண்டில் எத்தனை பிள்ளைகள் என் ஆய்வகத்தின் வழியாகப் போனார்கள் என்று கணக்கு வைக்கவில்லை. பென்னாகரத்துப் பெண்ணுக்கு அரசுப் பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்தது, பின்னர் பொறியியலுக்கும் நீண்ட அந்த 7.5 விழுக்காட்டில். அவளுடைய சமவாய்ப்பு எண்ணைத் தொட வேண்டிய தேவையே வரவில்லை. போன மாதம் விடுமுறையில் பள்ளிக்கு வந்தாள். புதிய பன்னிரண்டாம் வகுப்பு ஆய்வகத்தில் இருந்தது. உள்ளே வந்து மேசை ஓரமாக நின்றாள். ஒரு பையன் அவசரமாகக் கம்பியைத் தாடைக்குள் செருகிக்கொண்டிருந்தான்.

"இருடா தம்பி," என்று அவன் கையிலிருந்து அளவியை வாங்கினாள். கம்பியை உருவி மேசைமேல் வைத்தாள். வெறும் தாடைகளை மெல்லத் திருகி மூடினாள். டக், டக். ஜன்னல் பக்கம் திரும்பி, வெளிச்சத்துக்கு நேராக அதைத் தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, சுழிக்கோடு எங்கே நிற்கிறது என்று பார்த்தாள்.